தாளத்தைக் கோப்பில் அடைத்தல்

திரையில் நகர்ந்து வரும் குறிகளைப் பாட்டின் தாளத்துக்கு ஒத்து மிதித்தோ அழுத்தியோ ஆடும் கணினி விளையாட்டுகள் தாள விளையாட்டுகள் எனப்படும். ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1998-இல் வெளியிட்ட ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’ இவ்வகையைப் பரவலாக்கியது. அதைத் தழுவி எழுந்த கட்டற்ற மென்பொருளான ஸ்டெப்மேனியாவில் எவரும் தாம் விரும்பிய பாட்டைச் சேர்க்கலாம் என்பதால், பாட்டுத் தொகுப்புகளை ஆர்வலர்களே உருவாக்கிப் பகிர்ந்து வருகின்றனர். பெரம்பலூர், அரியலூர் வட்டாரப் பறையடிகளையும் நடவுப் பாட்டுகளையும், தேவார மூவர் பாடிய திருமழபாடிப் பதிகங்களையும் இம்முறையில் தொகுக்க முற்படுவோர், கோப்பின் இயல்பை முதலில் அறிந்திருத்தல் வேண்டும்.

ஒரு பாட்டுக்கு ஒலிக்கோப்பும், அடிகள் விழும் இடங்களைக் குறிக்கும் உரைக்கோப்பும், ஒரு படமும் இருந்தால் போதும். இவற்றைச் சரிபார்த்து, ஒரே பாட்டு இருமுறை வந்துள்ளதா என ஒப்பிட்டு, ஜிப் கோப்பாகச் சுருக்கி, பட்டியலைப் புதுப்பிக்கும் வேலையைச் சிறு நிரலே செய்துவிடும். கடினம் அதில் இல்லை, தாளத்தில்தான் இருக்கிறது.

ஸ்டெப்மேனியா நான்கு அட்சரங்களை, அதாவது நான்கு தாள எண்ணிக்கைகளை, ஓர் அலகாகக் கொண்டு, ஒவ்வோர் அட்சரத்தையும் 48 நுண்பகுதிகளாகப் பிரிக்கிறது. ஏழு எண்ணிக்கை கொண்ட மிச்ர சாபு தாளத்தின் தொடக்கம் கோப்பின் அலகுத் தொடக்கத்தோடு மீண்டும் சேர 28 எண்ணிக்கைகள் ஆகும். இது எழுதுவோருக்குச் சிரமமே தவிரப் பிழையன்று. அட்சரத்தின் உட்பிரிவாகிய நடையிலோ பிழையே நேர்கிறது. சதுச்ர நடையின் நான்கும் திச்ர நடையின் மூன்றும் 48-ஐ மீதியின்றி வகுக்க, கண்ட நடையின் ஐந்தும் மிச்ர நடையின் ஏழும் வகுப்பதில்லை. ஓர் அட்சரம் ஒரு வினாடி நீளுமெனில், கண்ட நடையில் 200-ஆவது மில்லிவினாடியில் விழ வேண்டிய அடி கோப்பில் ஏறத்தாழ 208-இல் பதிவாகும். மிகத் துல்லியமான அடிக்கு அவ்விளையாட்டு இருபுறமும் தரும் இடைவெளி வழக்கமாக 22.5 மில்லிவினாடியே என்பதால், அதில் மூன்றிலொரு பங்குக்கும் மேல் கோப்பே தின்றுவிடுகிறது; வாசித்தவரின் கணக்குச் சரியாக இருந்தும் ஆடுபவருக்கு அது பிசகாகவே தோன்றும்.

எனவே விளையாட்டுக் கோப்பை மூலமாகக் கொள்வது தவறு. அடிகளை மில்லிவினாடிக் கணக்கில் தனி உரைக்கோப்பில், அதாவது மூலக்கோப்பில், குறித்து, ஸ்டெப்மேனியாவுக்கும், நேரத்தை மில்லிவினாடியிலேயே எழுதும் ‘ஓசு’ விளையாட்டுக்கும் உரிய தொகுப்புகளை அதிலிருந்து நிரல் பிறப்பிப்பதே தக்க முறை. பார்சிலோனாவின் பொம்பெயு பாப்ரா பல்கலைக்கழகம் நடத்திய, சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கேற்ற காம்ப்மியூசிக் ஆய்வுத் திட்டத்தில், ஆதி, ரூபகம், மிச்ர சாபு, கண்ட சாபு ஆகிய தாளங்களிலமைந்த 176 கர்நாடக இசைப் பகுதிகளுக்கு இவ்வாறே அடிகள் நேரக்கணக்கில் குறிக்கப்பட்டன. பாடுவோரின் காலப்பிரமாணம் இயல்பாகவே சற்றுக் கூடிக் குறைவதால், சீரான வேகத்தை மட்டும் கருதும் கருவி அக்குறிகளைத் தானே கண்டுபிடிக்குமென நம்புவதற்கில்லை. தாளம் போடத் தெரிந்தவர் கேட்டுத் திருத்தியே ஆக வேண்டும்.

உரிமை விவரமும் இவ்வாறே மூலக்கோப்பில் இருக்க வேண்டும். தேவாரப் பாடலுக்குப் பதிப்புரிமை இல்லை. ஓர் ஓதுவார் பாடிய ஒலிப்பதிவுக்கோ, 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. ஆகவே புதிதாகப் பதிவு செய்து, பாடியவர், பறை வாசித்தவர், ஊர், எழுத்துவழி ஒப்புதல் ஆகியவற்றை மூலக்கோப்பிலேயே சேர்ப்பதும், அவற்றில் ஒன்று வெறுமையாக இருந்தாலும் தொகுப்பை உருவாக்க மறுக்கும்படி நிரலை எழுதுவதும் கட்டாயமாகும்.