அப்பா கணக்கில் அண்ணன் பெயர்... பணம் யாருக்கு?

“என் அப்பா சென்ற மாதம் காலமானார். உயில் எதுவும் எழுதவில்லை. பருத்தியும் மக்காச்சோளமும் விற்ற பணம், அவரும் அண்ணனும் சேர்ந்து வைத்திருந்த வங்கிக் கணக்கில் இருக்கிறது. ‘என் பெயர்தான் இருக்கு, உங்களுக்குப் பங்கில்லை’ என்கிறார் அண்ணன். நாங்கள் இரண்டே பிள்ளைகள். அம்மாவுக்கும் எனக்கும் உரிமை உண்டா?”
- வாசகி, திருச்சுழி வட்டம்.

உண்டு. அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல் பக்கம் பல வீடுகளில் நடப்பதுதான் இது. பஸ் ஏறி டவுனுக்குப் போய் வரிசையில் நிற்க முடியாத வயதில், மூத்த மகன் பெயரைக் கணக்கில் சேர்ப்பார் அப்பா. பணம் எடுத்து வரச் செய்த ஏற்பாடு அது. அதனாலேயே முழுப் பணமும் மகனுக்கு எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடாது.

முதலில் கணக்கு எந்த முறையில் தொடங்கப்பட்டது என்று பாருங்கள். ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்று இருந்தால், இறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டு வங்கி அண்ணனிடம் பணத்தைக் கொடுத்துவிடும். அதில் வங்கியின் மீது தவறில்லை. ஆனால், வாங்கும் அண்ணன் மற்ற வாரிசுகளுக்காகவும் சேர்த்துத்தான் வாங்குகிறார். ‘இருவரும் சேர்ந்து’ என்று இருந்தால், அண்ணனும் அப்பாவின் வாரிசுகளும் சேர்ந்துதான் வாங்க முடியும்.

நாமினி விஷயமும் இப்படித்தான். நாமினி பணத்தை வாங்கும் உரிமை பெற்றவரே தவிர, அதற்கு உரிமையாளர் அல்ல என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் பணத்தில் மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் எல்லோருக்கும் சமபங்கு. கல்யாணம் ஆன மகள், ஆகாத மகள் என்ற பேதமில்லை. பாட்டி இல்லையென்றால் உங்கள் வீட்டில் மூன்று பங்கு, இருந்தால் நான்கு. அண்ணன் தன் சொந்தச் சம்பாத்தியத்தையும் அதில் போட்டிருந்தால், அந்தத் தொகை அவருடையது. அதைக் கழித்துத்தான் பங்கு பார்க்க வேண்டும். ‘நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சே’ என்ற பேச்சு சட்டத்தில் எடுபடாது.

வங்கி மேனேஜரிடம் ஒரு மனு கொடுத்தால் பணம் நின்றுவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். நீதிமன்றத் தடை இல்லாவிட்டால், உயிருடன் இருப்பவருக்கு வங்கி கொடுத்துவிடலாம். எனவே தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் மூலம் உடனே விண்ணப்பியுங்கள். வழக்குச் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். சமரசமாகப் போக விரும்பினால் மக்கள் நீதிமன்றமும் இருக்கிறது. அண்ணன் தங்கை உறவு அறுந்துபோகாமல் இருக்க, அதையே முதலில் முயன்று பார்க்கலாம்.

அப்பாவின் ஏ.டி.எம். கார்டை மட்டும் யாரும் தொடாதீர்கள். அதுவே பின்னால் வழக்கில் உங்களுக்கு எதிராகத் திரும்பும்.