உங்களுக்குத் தெரியுமா? கையில் கட்டிய ஒற்றன்!

‘தினமும் 10,000 ஸ்டெப் நடக்கணும்’ என்கிறார்களே, அந்தக் கணக்கு பரவியது ஒரு கருவியின் பெயரால்! 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, இடுப்பில் மாட்டும் ஒரு கருவியின் பெயர் அது. ‘மான்போ-கெய்’ என்றால் ‘பத்தாயிரம் அடி மீட்டர்’!

அப்படியானால் எத்தனை அடி போதும்? சராசரியாக 72 வயதான 16,741 அமெரிக்கப் பெண்களைக் கவனித்து 2019-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள். தினமும் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு 41 சதவிகிதம் குறைவு! 7,500-ஐத் தாண்டினால் கூடுதல் பலன் தெரியவில்லை. தாத்தா பாட்டியிடம் இன்றே சொல்லுங்கள்!

இன்று அடிகளை எண்ணும் ஸ்மார்ட் வாட்ச்சின் கீழ்ப்புறம் பச்சை விளக்கு ஏன் மினுங்குகிறது? பச்சை ஒளியை ரத்தம் விழுங்கிவிடும். ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பி வரும் ஒளி குறையும். அதை எண்ணித்தான் வாட்ச் நாடி பார்க்கிறது! டாய்லெட் பேப்பர் ரோலில் கட்டினாலும் சில வாட்ச்கள் ‘இதயத்துடிப்பு’ காட்டிவிடும். 2018-ல் சீனாவில் பலர் இதைச் செய்து பார்த்து வியந்தார்கள்!

வாட்ச்சுக்கு இருப்பிடம் சொல்லும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் இருப்பது 20,200 கி.மீ. உயரத்தில். அங்கே கடிகாரம் நாளுக்கு 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடும். ஐன்ஸ்டீன் கணக்குப்படி அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் 10 கி.மீ. பிசகு! வீட்டு வாசலில் நிற்பவரை அடுத்த ஊரில் நிற்பதாகக் காட்டும்!

இதுதான் உச்சம்! 2017 நவம்பரில், உடற்பயிற்சியைப் பதிவுசெய்யும் செயலியான ஸ்ட்ராவாவின் நிறுவனம் ஓர் உலக வரைபடம் வெளியிட்டது. 100 கோடி ஓட்டங்கள், நடைகள், சைக்கிள் பயணங்கள் எல்லாம் ஒளிக்கோடுகளாக! ஆப்கானிஸ்தான், சிரியா பாலைவனங்கள் கும்மிருட்டு. நடுவே மட்டும் பளிச்சென்று சில கோடுகள். யார் ஓடியது? ராணுவ வீரர்கள்! முகாமைச் சுற்றி அவர்கள் ஓடிய பாதையே முகாமைக் காட்டிக்கொடுத்துவிட்டது! 2018 ஜனவரியில் இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் 20 வயது ஆஸ்திரேலிய மாணவர். அதே ஆண்டு ஆகஸ்டில், போர்க்களப் பகுதிகளில் ராணுவத்தினர் இருப்பிடம் காட்டும் வசதியைப் பயன்படுத்தவே தடை போட்டது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன்!

டிராக்கர் மாட்டிக்கொண்டு அசத்துவது மனிதர்கள் மட்டுமல்ல. ஒரு பறவையும்தான்! நம் கோடியக்கரைப் பக்கமும் தென்படும் பட்டைவால் மூக்கன் இனம். பிறந்து ஐந்தே மாதம். முதுகில் 5 கிராம் சோலார் கருவி. 2022-ல் அலாஸ்காவில் கிளம்பியது, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில்தான் இறங்கியது. 11 நாள், இரை இல்லை, தண்ணீர் இல்லை, ஓரிடத்திலும் இறங்கவில்லை. பறந்த தூரம் 13,560 கி.மீ.!