மரண வாக்குமூலம்

பெங்களூரு அடுகோடியில் ஸ்பார்க் பிளக் செய்துகொண்டிருந்த மைக்கோ வளாகம் 2022 ஜூனில் ‘ஸ்பார்க் நெக்ஸ்ட்’ ஆனது. எண்ணெய்க் கறையோடு வேலை பார்த்த இடத்தில் இன்று கோடு எழுதுகிறார்கள். நின்றுபோன பம்பைப் பிரித்துப் பார்த்துக் காரணம் சொல்லிவிடலாம். இயங்குதளத்தின் மையமான கெர்னல் நின்றுபோய், அதை ரீபூட் செய்தால் மெமரியில் இருந்த தடயமும் போய்விடும். அதற்குள் மெமரியை அப்படியே அள்ளிச் சேமிப்பதுதான் கிராஷ் டம்ப்.

2000-களின் தொடக்கத்தில் லினக்ஸில் இந்த வேலையைச் செத்துக்கொண்டிருக்கும் கெர்னலிடமே கொடுத்திருந்தார்கள். எல்கேசிடி என்ற கருவி டிஸ்க்கில் எழுதும். நெட்டம்ப் என்பது நெட்வொர்க் வழியே அனுப்பும். கெர்னல் பேனிக் ஆகி நின்றதே அந்த டிஸ்க் டிரைவரால்தான் என்றால்? டம்ப் பாதியில் நிற்கும். எழுதக்கூடாத இடத்தில் எழுதி நல்ல தரவையும் கெடுக்கும் அபாயம் வேறு. புத்தி பேதலித்தவரிடம் மரண வாக்குமூலம் வாங்குவது போலத்தான்.

இதற்கு மாற்று எழுதியதில் பெங்களூருக்குப் பெரிய பங்கு உண்டு. ஐபிஎம்மின் விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா இருவரும், ஓடும் கெர்னலிலிருந்தே நேராக இன்னொரு கெர்னலை எழுப்பும் கெக்ஸெக்கை உருவாக்கிய எரிக் பீடர்மனும் சேர்ந்து 2005 ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் கேடம்ப் என்ற அந்த மாற்று பற்றிய கட்டுரையை வைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த 2.6.13 கெர்னலில் அது இருந்தது. மெமரியில் ஒரு பகுதியை ஒதுக்கி இரண்டாவது கெர்னலை முன்கூட்டியே ஏற்றி வைக்கிறார்கள். முதலாவது விழுந்ததும் பயாஸ் பக்கமே போகாமல் இது எழுந்து, பழைய மெமரியை ஒரு கோப்பாகக் காட்டுகிறது. நெட்வொர்க் கார்டு இன்னும் பழைய கட்டளைப்படி மெமரியில் எழுதிக்கொண்டிருக்கலாம். ஒதுக்கிய பகுதியை முதல் கெர்னல் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை என்பதால் புதியவர் மேல் அடி விழாது. எனக்கு இதில் மிகப் பிடித்த நுணுக்கம் இதுதான்.

ஆனால் பிராசஸர் மாறினால் சடங்கும் மாறும். எக்ஸ்86-இல் எழுவதற்கே முதல் 640 கேபி தேவைப்பட்டதால் அதை முன்பே வேறிடத்துக்கு நகலெடுத்தார்கள். பவர் பிராசஸர் இயந்திரங்களுக்கு 2012-ல் இன்னொரு வழி வந்தது, மகேஷ் சல்காவ்ங்கர் எழுதியது: ஃபர்ம்வேரே மெமரியைக் காப்பாற்றி வைக்க, இயந்திரம் முழுதாக ரீசெட் ஆகிறது; கார்டுகள் சுத்தமாகத் தொடங்குகின்றன. கேடம்பைவிட இது நிம்மதியான ஏற்பாடு. என்ன, ஃபர்ம்வேர் ஒத்துழைக்க வேண்டும். மெயின்ஃபிரேமிலோ டம்புக்கென்றே தனி டிஸ்க் வைத்து அதிலிருந்து பூட் செய்யும் வழக்கம் இதற்கெல்லாம் முந்தியது. ஆர்ம் 64-க்கு கேடம்ப் 2017-ல்தான் வந்து சேர்ந்தது.

படிப்பதிலும் தொல்லை இருக்கிறது. ஆர்ம் டம்பை எக்ஸ்86 மேசைக் கணினியில் திறக்க, ஆர்முக்கென்று தனியாகக் கட்டிய ‘கிராஷ்’ கருவி வேண்டும். விழுந்த அதே கெர்னலின் டீபக் கோப்பும் வேண்டும். பில்டு மாறினால் முகவரிகள் எல்லாம் உளறல். அன்று சில ஜிபி இருந்த மெமரி இன்று டெராபைட் கணக்கில் போவதால், மேக்டம்ப்ஃபைல் என்ற கருவி வெற்றுப் பக்கங்களையும் பயனர் தரவையும் கழித்துத்தான் எழுதுகிறது. வாடிக்கையாளரின் கடவுச்சொல் டம்போடு வெளியே போகாமல் இருக்கவும் இது உதவும்.

வண்டிக்குள் போகும் சிறிய ஆர்ம் பலகைகளில் பல சமயம் இரண்டாவது கெர்னலுக்கு ஒதுக்க மெமரியே மிஞ்சாது. அங்கே ராமூப்ஸ்: சாகிற கெர்னலே தன் கடைசிச் செய்திகளை ரேமின் ஒரு மூலையில் எழுதிவிட்டுப் போகிறது. ரீசெட் மட்டும் ஆனால் அவை பெரும்பாலும் கிடைக்கும். மின்சாரம் துண்டித்தால் போச்சு.