மூட்டு நீரின் கம்பிப் பதம்

வீங்கிய முழங்காலில் ஊசி குத்தி நீர் எடுத்ததும், வாத நோய் மருத்துவர் அதைச் சொட்டவிட்டுப் பார்ப்பதுண்டு. நல்ல மூட்டின் நீர், கம்பிப் பதம் வந்த பாகுபோல ஊசி முனையிலிருந்து நூலாக இறங்கும். முடக்கு வாதம் (சரவாங்கி) வந்த மூட்டின் நீரோ கலங்கலாக, வெறும் தண்ணீர்போலச் சொட்டுச் சொட்டாக விழும். மூட்டு வழுக்கிக்கொண்டு அசைய உதவும் ஹயலுரானிக் அமிலம் நீண்ட சங்கிலி போன்றது. அந்தச் சங்கிலி அறுந்ததால்தான் பதம் கெட்டது.

அறுப்பது யார்?

முடக்கு வாதம் தேய்மானத்தால் வரும் மூட்டுவலி அல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்த மூட்டுச் சவ்வையே தாக்கும் நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். நல்ல மூட்டு நீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 200-க்கும் குறைவான வெள்ளணுக்களே இருக்கும்; இந்நோயில் அது பல ஆயிரமாகப் பெருகும். அவற்றில் பெரும்பாலானவை நியூட்ரோஃபில்கள். கிருமியைக் கொல்வதற்காக அவை ஆக்சிஜனிலிருந்து சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவற்றையும், பிறகு ஹைப்போகுளோரஸ் அமிலத்தையும் தயாரிக்கின்றன. பிளீச்சிங் பவுடரைக் கரைத்தால் கிருமியைக் கொல்வதும் இதே அமிலம்தான். மூட்டுக்குள் கிருமி இல்லை. அத்தனையும் சவ்வின் மீதும் குருத்தெலும்பின் மீதும் கொட்டுகிறது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் 1969-ல், சூப்பராக்சைடை அடக்கும் என்சைம் ஒன்று நம் உடலிலேயே இருப்பதைக் காட்டினார்கள். மெக்கார்டு 1974-ல் இன்னொன்றையும் செய்து பார்த்தார். மூட்டு நீரில் சூப்பராக்சைடை உண்டாக்கினால் அதன் பிசுபிசுப்பு போய்விட்டது. அந்த என்சைமைச் சேர்த்தபோது பாதுகாப்பு கிடைத்தது.

சொந்தப் படை ஏன் தோற்கிறது?

மேலே சொன்ன என்சைமான சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளுட்டதையோன் என்று உடலுக்குள் ஓர் ஆன்டிஆக்சிடன்ட் படையே இருக்கிறது. நம்மால் உற்பத்தி செய்ய முடியாத வைட்டமின் சி-யும் ஈ-யும் உணவிலிருந்து வந்து சேர்கின்றன. முடக்கு வாதத்தில் வெள்ளணுக்கள் இரவு பகலாகச் சுரக்கும் வேகத்துக்கு இந்தப் படை ஈடுகொடுக்க முடிவதில்லை. நீர் கோத்த மூட்டை அசைக்கும்போது உள்ளழுத்தம் கூடி நுண்குழாய்கள் நசுங்குகின்றன. ஓய்ந்ததும் ரத்தம் திரும்பப் பாயும்போது மேலும் சூப்பராக்சைடு உண்டாகிறது. (இதற்குப் பயந்து படுத்தே கிடக்க வேண்டாம். மருத்துவர் சொல்லும் பயிற்சி அவசியம்.)

மாத்திரையாக விழுங்கினால்?

ஆன்டிஆக்சிடன்டை விழுங்கினால் மூட்டு சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில்தான் என் பெரியம்மா இரண்டு வருடம் இழந்தார். லேகியமும் ஆன்டிஆக்சிடன்ட் காப்ஸ்யூலும் மாறி மாறிச் சாப்பிட்டார். கோலமாவை இரண்டு விரலால் கிள்ள முடியாமல், உள்ளங்கையில் அள்ளித் தூவ ஆரம்பித்த பிறகே மருத்துவரிடம் போனோம். கோணிய விரல்கள் பிறகு நிமிரவில்லை.

வைட்டமின் ஈ-யை அதிக அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வில் வலி சற்றுக் குறைந்தது, அழற்சி குறையவில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்து 1994-ல் வெளியான ஆய்வில், இன்னொரு ஆன்டிஆக்சிடன்டான பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. மஞ்சளில் உள்ள குர்க்குமின் எளிதில் ரத்தத்தில் சேராது. மிளகின் பிப்பரின் அது ரத்தத்தில் சேர்வதை 20 மடங்கு கூட்டும் என்று பெங்களூரு ஆய்வு 1998-ல் காட்டியது. ரசத்தில் இரண்டும் இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் செறிவூட்டிய மஞ்சள் காப்ஸ்யூல்களால் சிலருக்குக் கல்லீரல் பாதித்திருக்கிறது. கல்லீரலைக் கவனித்துக்கொண்டே கொடுக்கும் முடக்கு வாத மருந்தான மெத்தோட்ரெக்சேட்டோடு, மருத்துவரைக் கேட்காமல் அதைச் சேர்க்காதீர்கள். நெல்லிக்காய், கீரை, மீன் தட்டில் இருக்கட்டும். மருந்தின் இடத்தில் வைக்க வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத அறிகுறி

காலையில் எழுந்ததும் விரல்கள் அரை மணி, ஒரு மணி நேரம் மடங்க மறுத்து, கணுக்கள் வீங்கி, இது சில வாரங்கள் நீடித்தால் வாத நோய் மருத்துவரைப் பாருங்கள். நோயைக் கண்டறிய ஆன்டி சிசிபி ரத்தப் பரிசோதனை உதவும். தொடக்க மாதங்களிலேயே சிகிச்சை தொடங்கினால் எலும்பு அரிப்பைப் பெருமளவு தடுக்கலாம். பீடி, சிகரெட் இந்நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும், வந்தபின் மருந்தின் பலனையும் குறைக்கும்.

மெத்தோட்ரெக்சேட் எழுதித் தந்தால் ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். முடக்கு வாதத்துக்கு அது வாரம் ஒரு நாள் மட்டுமே. தினமும் சாப்பிட்டால் உயிரையே பறிக்கும். எந்தக் கிழமை என்று மருத்துவரிடம் கேட்டு, மாத்திரை அட்டையின் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள்.