சென்னைத் தோட்ட வீடுகளின் கட்டடக்கலை

தோட்ட வீடு என்பது 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளும் வணிகர்களும் சென்னையில் பெரிய தோட்டங்களின் நடுவே கட்டிக்கொண்ட மாளிகை வகையாகும். அடையாறு, கிண்டி முதலிய தென்சென்னைப் பகுதிகளில் இவற்றுள் சில இன்றும் உள்ளன. பார்வைக்கு இங்கிலாந்தின் கல் மாளிகைகளைப் போலத் தோன்றினாலும், இவை செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டப்பட்டவை. இவற்றைப் பழுதுபார்ப்பதற்கு இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது அவசியம்.

இங்கிலாந்தின் கல் வீடுகள்

அக்கால ஆங்கிலேய நகர வீட்டுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, பாத் நகரின் ராயல் கிரசன்ட் ஆகும். இளைய ஜான் வுட் வடிவமைத்த இது 1767 முதல் 1774 வரை கட்டப்பட்டது. 30 வீடுகள் பொதுச் சுவர்களுடன் பிறை வடிவில் ஒட்டி நிற்கின்றன. வீட்டின் முகப்பு குறுகியது. எனவே அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. சமையல் நிலவறையிலும், விருந்தினர் கூடம் மேல் தளங்களிலும், வேலையாட்களின் அறைகள் கூரைக்குக் கீழும் அமைந்தன. முகப்புக்குப் பயன்பட்ட பாத் கல் ஒருவகைச் சுண்ணாம்புக்கல். மென்மையானது என்பதால் ரம்பத்தால் அறுத்துச் செதுக்கலாம்.

பல்லாவரத்துக் கல்

சென்னையில் கல்லுக்குப் பஞ்சமில்லை. பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகள் சார்னோகைட் என்னும் கடினப் பாறையால் ஆனவை. கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையே. அதனால் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் இப்பாறைக்கு அவர் பெயரைச் சூட்டினார். பல்லாவரத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக் கோயிலும் உண்டு. ஆயினும் இக்கல்லை அறுத்து மெல்லிய அலங்கார வேலைகள் செய்வது பாத் கல்லைப் போல எளிதன்று. செங்கல்லும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் இங்கு எளிதில் கிடைத்தன. அவற்றைக் கையாளத் தெரிந்த கொத்தனார்களும் இருந்தனர்.

வீட்டின் அமைப்பு

தோட்ட வீடு அடுத்த வீட்டோடு ஒட்டாமல் தனித்து நின்றது. உயரத்தைவிட அகலத்தில் விரிந்தது. வெப்பமும் காற்றோட்டமும் இதற்கு முக்கியக் காரணங்கள். வண்டி வந்து நிற்கும் முகப்பு மண்டபம், தூண்கள் தாங்கும் அகன்ற தாழ்வாரம், உயர்ந்த கூரை, மரச் சட்டங்கள் பதித்த சன்னல்கள் ஆகியவை பொதுவான கூறுகள். சமையலறை நிலவறையில் இல்லாமல் தனிக் கட்டடமாக இருந்தது. கோடையில் வாசல்களில் வெட்டிவேர்த் தட்டிகளைத் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்தனர்.

சுண்ணாம்புப் பூச்சும் கூரையும்

செங்கல் சுவரின்மேல் கிளிஞ்சல் சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்து பல அடுக்குகளாகப் பூசப்பட்டது. இறுதி அடுக்குக்கு நன்கு அரைத்த சாந்தைப் பூசி, வழவழப்பான கல்லால் நெடுநேரம் தேய்த்து மெருகேற்றினர். அது சலவைக்கல்லைப் போலப் பளபளத்தது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்று மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. பாத் கல்லின் முக்கியப் பொருளும் அதுவே.

கூரை 'மெட்ராஸ் டெரஸ்' எனப்பட்டது. மர உத்தரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்கோணத்தில் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, மரக்கட்டையால் அடித்து இறுக்கினர். மேலே தட்டோடு பதிக்கப்பட்டது.

எஞ்சியுள்ள கட்டடங்கள்

அடையாற்றின் வடகரையில் உள்ள பிராடி மாளிகை, கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் பிராடி 1790களின் பிற்பகுதியில் கட்டியது. கோட்டைக் கொத்தளம் போன்ற அமைப்புகள் இதன் தனித்தன்மை. சில ஆண்டுகளில் பிராடி அடையாற்றிலேயே மூழ்கி இறந்தார். 'தென்றல்' என்று பெயர் மாற்றப்பட்ட இம்மாளிகையில் பின்னர் அரசு இசைக் கல்லூரி இயங்கியது. தென்கரையில் இருந்த ஹடில்ஸ்டன் தோட்டத்தைப் பிரம்மஞான சபை 1882இல் வாங்கித் தன் தலைமையகமாக்கியது. கிண்டி ஆளுநர் மாளிகையும் தோட்ட வீடாகத் தொடங்கியதே. பல தோட்டங்கள் மனைகளாகப் பிரிக்கப்பட்டுவிட்டன. போயஸ் தோட்டம் போன்ற பெயர்கள் மட்டும் நிலைத்துள்ளன.

பாதுகாப்பு

சுண்ணாம்புச் சுவர் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி, வெயில் காலத்தில் வெளிவிடும். விரிசல்களைச் சிமெண்டால் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குகிறது. உப்புப் படிந்து செங்கல் உதிர்கிறது. சுவருக்குள் புதைந்துள்ள உத்தரங்களின் முனைகள் மட்கிக் கூரை தளர்கிறது. பின்னர் அக்கட்டடம் பழுதடைந்தது எனக் கூறி இடிக்கப்படலாம். பழைய சாந்தின் கலவையை ஆய்ந்து, அதே வகைச் சுண்ணாம்புச் சாந்தால் பழுதுபார்த்தால் இந்தச் சேதத்தைத் தவிர்க்கலாம். எனவே சாந்து அரைக்கவும் மெருகேற்றவும் தெரிந்த கொத்தனார்களின் தொழிலறிவும் கட்டடங்களைப் போலவே காக்கப்பட வேண்டியதாகும்.