லீவுக்கு வந்த பிள்ளைகளை வெயிலில் வாட்டாதீங்க!

"அக்கா, எங்களுக்கு மூணு நாள்தான் லீவு. அதுக்குள்ள மெட்ராஸ் முழுக்கக் காட்டிடணும்!"

கோயமுத்தூரிலிருந்து மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கும்போதே, தம்பியின் கையில் ஒரு பட்டியல் இருந்தது. பாம்புப் பண்ணை, மியூசியம், மெரினா... மூன்றும் முதல் நாளே! மே மாதம். அக்னி நட்சத்திரம் வேறு. நிதானமாக டிபன் சாப்பிட்டு, சின்னவளுக்குத் தலை பின்னி, அவர்கள் படியிறங்கியபோது மணி பத்தரை.

ராத்திரி ஏழு மணிக்குத் திரும்பி வந்தார்கள். ஏழு வயசுச் சின்னவள் யாரோடும் பேசாமல் ஒரு மூலையில் சுருண்டு படுத்துக்கொண்டாள். "தலை வலிக்குது அத்தை" என்றாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு தடவை வாந்தி. "பீச்சுல வாங்கிக் கொடுத்த சுண்டல் சேரலை போலிருக்கு" என்றான் தம்பி. அம்மா உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட்டாள். நானும் எல்லாம் தெரிந்தவள் மாதிரி ஓமத் தண்ணீர் காய்ச்சப் போனேன்!

அடுத்த தெரு டாக்டர், வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "காலையிலேர்ந்து குழந்தை எத்தனை தடவை ஒண்ணுக்குப் போச்சு?"

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. யாருக்குத் தெரியும்? கடைசியில் அவளே மெல்லச் சொன்னாள். "போகவே இல்ல. வெளியில பாத்ரூம் போக எனக்குப் பிடிக்காது. அதான் தண்ணியும் குடிக்கல."

இப்படி எத்தனை பிள்ளைகள் இருக்கின்றன, தெரியுமா? பெண் குழந்தைகள்தான் இதில் அதிகம். ஐஸ்கிரீமை அடம் பிடித்து வாங்கும், தண்ணீர் பாட்டிலை மட்டும் நைசாகத் தள்ளிவிடும். நாம் எதையெதைக் காட்டலாம் என்று யோசிக்கிற அளவுக்கு, அங்கே கழிப்பறை எங்கே இருக்கிறது என்று யோசிப்பதில்லை.

குழந்தை உடம்பு நம் உடம்பு மாதிரி இல்லை. எடைக்குத் தோலின் பரப்பு அதிகம் என்பதால் வெளிச் சூட்டைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும். வியர்ப்பதும் பெரியவர்களைவிடக் குறைவு. போதாததற்கு நம் சென்னைக் காற்றில் எப்போதும் ஈரம். வியர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? இங்கே அது காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். நீர் போகும், சூடு போகாது! கடல் காற்று ஊருக்குள் வரத் தாமதமாகிற நாட்களில் கேட்கவே வேண்டாம். 2003-ம் வருஷம் மே 31-ம் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது.

அதற்காகப் பிள்ளைகளை வீட்டில் பூட்டி வைக்க முடியுமா? நேரத்தை மாற்றிக்கொண்டால் போதும். காலை ஆறிலிருந்து பத்து, மாலை நாலரைக்கு மேல். நடுவில் வீடு, அல்லது கூரையும் மின்விசிறியும் உள்ள இடம். ஒரு வேளைக்கு ஓர் இடம்தான்.

மந்தைவெளிக்காரர்களுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம்! காலை ஆறரைக்கு நடந்தே கபாலீஸ்வரர் கோயில் போய்விடலாம். புன்னை மரத்தடியில் அம்பாள் மயிலாக இருந்து பூஜை செய்த கதையைச் சொன்னால், பிள்ளைகள் மரத்தைச் சுற்றிச் சுற்றி வரும். வருகிற வழியில் மாட வீதியில் சொப்பு வாங்கிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு. மந்தைகள் மேய்ந்த வெளிதான் மந்தைவெளி என்று நடக்கும்போதே சொல்லிப் பாருங்கள். "அப்ப மாடெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்பார்கள். பதில் சொல்வது உங்கள் சாமர்த்தியம்!

மத்தியானத்துக்கு என் சிபாரிசு கோட்டூர்புரம். பறக்கும் ரயிலில் மந்தைவெளியிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு மாடி மேலே ஓடுகிற அந்த ரயிலே பெரிய வேடிக்கை. 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. நடுவில் ஒரு செயற்கை மரம். ஏ.சி. குளுகுளுவென்று இருக்கும், உட்கார்ந்து படிக்கக் காசும் கிடையாது. பத்து மணிக்குள் உள்ளே போய்விட்டால் வெயிலின் உச்சம் தெரியாமலே கழியும். பக்கத்திலேயே பிர்லா கோளரங்கம்.

மெரினா எதிரே விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அதைச் சாயங்கால பீச்சோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 1897-ல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கிய வீடு. ஆனால் 1842-ல் அதைக் கட்டியது எதற்குத் தெரியுமா? ஐஸ் கட்டி வைக்க! அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த ஐஸை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் மாதக்கணக்கில் கொண்டு வந்து இறக்கினார் ஃபிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி. "உருகாதா?" என்று எங்கள் வீட்டுப் பெரியவன் நம்பவே இல்லை. ஒரு பங்கு உருகத்தான் செய்தது. மிச்சத்தை விற்றே பணக்காரர் ஆனார்!

பீச்சில் கால் நனைத்தால் போதும், அதுவும் உங்கள் கையைப் பிடித்தபடி. மெரினாவில் அலை திரும்பும்போது இழுக்கிற இழுப்பு பெரியவர்களையே சாய்த்துவிடும்.

எழும்பூர் மியூசியத்தை அந்தக் காலத்தில் 'செத்த காலேஜ்' என்பார்கள். மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. மியூசியம் வெள்ளிக்கிழமை லீவு; கிண்டி பாம்புப் பண்ணையும் வண்டலூரும் செவ்வாய்க்கிழமை லீவு. மற்ற இடங்களுக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டே கிளம்புங்கள். பூட்டின கேட் முன்னால் வெயிலில் நிற்பதைவிடக் கொடுமை வேறில்லை.

இனி தண்ணீர். ஆளுக்கொரு பாட்டில் கொடுங்கள். எல்லாருக்கும் ஒரே பெரிய பாட்டில் என்றால் யார் குடித்தார்கள், யார் ஏமாற்றினார்கள் என்று தெரியாது. டிக்கெட் வாங்கும்போதே கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கேட்காமலே அழைத்துப் போங்கள். ஆறு மணி நேரமாகக் குழந்தை போகவில்லை என்றாலோ, மஞ்சளாகக் கொஞ்சமே போனாலோ, ஊர் சுற்றியது போதும் என்று அர்த்தம். மோர், இளநீர், நுங்கு எல்லாம் சரி. பச்சைக் குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே, அடிக்கடி கொடுக்கணும்.

வாந்தி, தலைவலி, சோர்வு என்றால் நிழலுக்குக் கொண்டு வந்து, சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, ஓ.ஆர்.எஸ். கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ, அவ்வளவில் முழுப் பாக்கெட்டையும் கரைக்கணும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பழச்சுவை பானங்களில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று பெயர் போட்டு விற்றதை 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்துவிட்டது. சர்க்கரைத் தண்ணீர் வேறு, ஓ.ஆர்.எஸ். வேறு.

குழந்தை உளறினாலோ, வலிப்பு வந்தாலோ, கூப்பிட்டால் கண் திறக்காவிட்டாலோ, உடம்பு நெருப்பாய்க் கொதித்தாலோ அது வெயில் அதிர்ச்சி. காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டை இறக்காது. உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவில்லாத குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

சின்னவளுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு எழுந்து பாத்ரூம் போனாளே பார்க்கணும், வீடே சந்தோஷப்பட்டது! மறுநாள் முழுக்க ஓய்வு. மூன்றாம் நாள் காலையில் கோயில், அப்புறம் ரயில், நூலகம். ஊருக்குக் கிளம்பும்போது அப்பாவின் பட்டியலை வாங்கி, பாக்கி இருந்த இடங்களுக்கெல்லாம் பக்கத்தில் 'அடுத்த லீவு' என்று எழுதி, எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனாள்.