கணினிக்குள் ஒரு கணினி: எத்தனை உரிமங்கள் வேண்டும்?

மேசைக் கணினி ஒன்றில் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் இயங்குதளத்திற்குள்ளேயே இன்னோர் இயங்குதளத்தைத் தனிக் கணினி போல இயக்கும் ஏற்பாடு மெய்நிகர் இயந்திரம் அல்லது விர்ச்சுவல் மெஷின் எனப்படுகிறது. அதன் நினைவகம், வன்தட்டு, வலையட்டை ஆகியவை மென்பொருளால் புனையப்பட்டவை என்றாலும், உள்ளே இயங்கும் இயங்குதளம் அவற்றை உண்மையான பாகங்களாகவே எடுத்துக்கொள்கிறது. வி.எம்.வேர் நிறுவனம் 1999இல் வொர்க்ஸ்டேஷன் என்ற மென்பொருளை வெளியிட்ட பிறகு சாதாரணக் கணினிகளிலும் பரவிய இந்த நுட்பம் இன்று சில நிமிட வேலையாகிவிட்டதால், கணினியில் செய்ய முடிவதையெல்லாம் உரிமமும் அனுமதிக்கிறது என்று பலரும் எண்ணிவிடுகின்றனர். அந்த எண்ணம் பெரும்பாலும் தவறானது.

விலை கொடுத்து மென்பொருள் வாங்குபவர் அதன் உரிமையாளர் ஆவதில்லை. பதிப்புரிமை தயாரித்த நிறுவனத்திடமே இருக்க, வாங்குபவருக்குக் கிடைப்பது சில நிபந்தனைகளுக்கு உட்பட்ட பயன்பாட்டு அனுமதி மட்டுமே. மெய்நிகர் இயந்திரத்தில் அத்தகைய அனுமதிகள் இரண்டு வேண்டியிருக்கின்றன. இயந்திரத்தை உருவாக்கித் தரும் மென்பொருளுக்கு ஒன்று. அதற்குள் நிறுவப்படும் இயங்குதளத்துக்கு மற்றொன்று. முதலாவது இலவசமாகக் கிடைப்பதால் இரண்டாவதும் இலவசம் ஆகிவிடாது.

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் பொது உரிம ஒப்பந்தம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: ஓர் உரிமத்தைக் கொண்டு ஒரு சாதனத்தில் ஒரு பிரதியை மட்டுமே நிறுவலாம், அந்தச் சாதனம் உண்மையானதா மெய்நிகரா என்பது பொருட்டல்ல. ஆகவே, விண்டோஸ் கணினிக்குள் இன்னொரு விண்டோஸை நிறுவுபவர் அதற்கெனத் தனி உரிமம் வாங்க வேண்டும். கணினியோடு சேர்ந்தே வரும் ஓ.இ.எம். உரிமம் பொதுவாக அந்தக் கணினியோடு பிணைக்கப்பட்டது என்பதால், அதை எடுத்து வேறோர் இயந்திரத்தில் பயன்படுத்த வழியில்லை. கடையில் தனியாக வாங்கும் சில்லறை உரிமத்தையோ, பழைய கணினியிலிருந்து முற்றிலும் நீக்கிவிட்டால், வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் ஒப்பந்தம் செய்துகொள்ளும் நிறுவனங்களுக்கோ, உரிமம் பெற்ற ஒரே கணினியில் நான்கு மெய்நிகர் பிரதிகள் வரை இயக்கும் சலுகை உண்டு.

விதிகள் எப்போதும் இப்படியே இருந்ததில்லை. 2007இல் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவின் ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம் பதிப்புகளை மெய்நிகர் இயந்திரத்தில் பயன்படுத்தவே கூடாது என்று ஒப்பந்தம் தடுத்தது. விலை கூடிய பிசினஸ், அல்டிமேட் பதிப்புகளுக்கு அந்தத் தடை இல்லை. பாதுகாப்பே காரணம் என்று மைக்ரோசாஃப்ட் விளக்கியபோதிலும், எல்லாப் பதிப்புகளுக்கும் அடித்தளம் ஒன்றாகவே இருந்த நிலையில் அதை விலைப் பாகுபாடு என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. 2008 ஜனவரியில் தடை விலக்கப்பட்டது. அடுத்து வந்த விண்டோஸ் 7இன் புரொஃபஷனல் முதலான உயர் பதிப்புகளோ, பழைய மென்பொருள்களை இயக்குவதற்காக எக்ஸ்.பி. மோடு என்ற பெயரில் விண்டோஸ் எக்ஸ்.பி.யின் உரிமத்தையும் சேர்த்தே தந்தன.

மெய்நிகர் இயந்திரம் என்பது உண்மையில் வன்தட்டில் கிடக்கும் சில கோப்புகளே ஆகையால், அதைப் பென் டிரைவில் நகலெடுத்து மற்றொரு கணினியில் திறந்துவிட முடிகிறது. அப்படித் திறக்கும்போது, இயந்திரம் இடம் மாற்றப்பட்டதா அல்லது நகலெடுக்கப்பட்டதா என்று வி.எம்.வேர் வொர்க்ஸ்டேஷன் கேட்கிறது. நகல் என்று பதிலளித்தால் அதற்குப் புதிய அடையாள எண்ணும் வலையட்டை முகவரியும் வழங்கப்படுகின்றன. அந்த மாற்றத்தைக் கண்ட விண்டோஸ் மீண்டும் ஆக்டிவேஷன் கேட்கவும் கூடும். இடமாற்றம் என்று பதிலளித்து அந்தத் தொல்லையிலிருந்து தப்பிவிடலாம் என்றாலும், பழைய பிரதியும் எங்கோ இயங்கிக்கொண்டிருந்தால் ஒப்பந்தத்தின்படி அவை இரண்டு இயந்திரங்களே.

ஆப்பிளின் விதி வேறு வகையானது. 2011இல் வந்த லயன் பதிப்பு முதல், மேக் இயங்குதளம் ஓடும் ஆப்பிள் கணினி ஒன்றில் கூடுதலாக இரண்டு பிரதிகள் வரை மெய்நிகர் இயந்திரங்களில் இயக்கலாம். மென்பொருள் உருவாக்கம், சோதனை, வணிகம் சாராத சொந்தப் பயன்பாடு போன்ற நோக்கங்களுக்காக மட்டுமே இந்த அனுமதி. பிற நிறுவனங்களின் கணினிகளில் அந்த இயங்குதளத்தை நிறுவ ஒப்பந்தம் இடமளிப்பதில்லை.

இயந்திரத்தை உருவாக்கும் மென்பொருளின் நிபந்தனைகளையும் படித்தே ஆகவேண்டும். ஆரக்கிளின் விர்ச்சுவல் பாக்ஸ் ஜி.பி.எல். என்ற கட்டற்ற உரிமத்தில் கிடைப்பதால் அலுவலகத்திலும் தடையின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் தொலைவிலிருந்து திரையைக் காணும் வசதி, வட்டு மறையாக்கம் போன்றவற்றைச் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் பேக் தனி உரிமத்துக்கு உட்பட்டது. சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும் இலவசமான அதை வணிக நிறுவனம் பயன்படுத்தினால் கட்டணம் செலுத்த வேண்டும். தரவிறக்கப் பக்கத்தில் இரண்டும் அடுத்தடுத்தே இருப்பதால், சிறு நிறுவனங்கள் அறியாமலே விதியை மீறிவிடும் ஆபத்து இங்குதான் அதிகம். இதற்கு நேர்மாறாக, நெடுங்காலம் விலைக்கு விற்கப்பட்ட வி.எம்.வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ, 2024 நவம்பர் முதல் வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசமாகிவிட்டது.

டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்களை எத்தனை மெய்நிகர் இயந்திரங்களில் நிறுவினாலும் உரிமக் கட்டணம் இல்லை. அவற்றைக் கொண்டு முடியக்கூடிய வேலைக்கு அவற்றையே பயன்படுத்துவது நல்லது. விண்டோஸ்தான் வேண்டும் என்ற நிலையில், இரண்டாவது உரிமத்தின் விலையைத் தொடக்கத்திலேயே செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.